எந்த ஆட்டை இறைச்சிக்குக் கொடுப்பது, எதை வளர விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வளவுக்குள் பத்துக்குக் குறையாமல் ஆடுகள் நிற்கும். தீபாவளி நெருங்கினால் இரண்டு வகையான ஆட்கள் படலையைத் தட்டுவார்கள். ஒருவர் விலை கேட்டு வருபவர். மற்றவர் தானும் நாலு ஆடு வளர்ப்பவர்; "இதைக் கொடுக்கலாமோ, இன்னும் கொஞ்சக் காலம் விடலாமோ?" என்று கேட்டு வருபவர். இரண்டாமவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

பெரிய ஆட்டைத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? அதற்குத்தானே விலை கிடைக்கும்?

எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய பிழையே இதுதான். வாங்க வருபவர் கொட்டிலுக்குள் ஒரு பார்வை பார்ப்பார். நன்றாக வளர்ந்த, மினுமினுப்பான ஆட்டில் கையை வைப்பார். நாங்களும் காசைக் கண்டதும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவோம். மிஞ்சுவது மெலிந்ததும் வளராததும். அவைதான் அடுத்த வருடத்துக்குத் தாயும் தகப்பனும். ஐந்து வருடம் இப்படியே போனால் ஊர் ஆடெல்லாம் ஏன் சிறுத்துப்போயிற்று என்று கிடாயைத் திட்டிப் பயனில்லை.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எதைக் கொடுப்பது என்று தொடங்காமல், எதை எந்த விலைக்கும் கொடுப்பதில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவற்றின் கழுத்தில் ஒரு நிறக் கயிறு கட்டிவிடுங்கள். மிச்சம் எல்லாம் இறைச்சிக்கு. எங்கள் வீட்டில் பச்சைக் கயிறு கட்டியிருந்தால் அம்மாவே கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

கிடாய்க்குட்டிகளில் எத்தனையை வளர விடலாம்?

மிகக் குறைவு. ஒரு நல்ல கிடாய் 20, 25 மறிகளுக்கு, அதாவது பெட்டை ஆடுகளுக்கு, போதும். பத்து ஆடு நிற்கும் வீட்டில் சொந்தக் கிடாய் ஒன்றுகூடத் தேவைப்படாமல் இருக்கலாம். அயலில் ஒன்று நின்றால் சரி. எனவே பிறக்கும் கிடாய்க்குட்டிகளில் அநேகமாக எல்லாமே இறைச்சிக்குத்தான். பாவம் பார்த்து மூன்று கிடாயை வைத்திருந்தால் அவை ஒன்றையொன்று முட்டி, தீனியையும் வீணாக்கி, வேலியையும் பிரிக்கும்.

வைக்கும் ஒன்றைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். தாய் எப்படிப்பட்டது என்று பாருங்கள்: இரட்டைக் குட்டி ஈன்று இரண்டையும் தன் பாலிலேயே வளர்த்ததா? பிறகு குட்டியின் கால்கள், முதுகு, விதைப்பை. விதை இரண்டும் ஒரே அளவாக, இறங்கி, கல்லுப்போல் இறுகாமல் இருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடாயை ஒருபோதும் இனத்துக்கு விடாதீர்கள். அந்தக் குறை குட்டிகளுக்கும் போகக்கூடியது.

இன்னொன்று: வீட்டில் பிறந்த கிடாயை அதன் தாய்க்கோ சகோதரிகளுக்கோ விடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொள்வது நல்லது. கிடாய்க்குட்டி நாலைந்து மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். "இது குட்டிதானே" என்று மறிகளோடு விட்டுவிட்டுப் பிறகு தலையில் கைவைத்தவர்கள் பலர். மூன்று மாதம் கடந்ததும் பிரித்துக் கட்டுங்கள்.

ஆட்டின் வயதை எப்படி அறிவது? விற்கிறவர் சொல்வதை நம்பலாமா?

அவர் சொல்வதைக் கேளுங்கள், வாயையும் பாருங்கள். ஒருவர் ஆட்டைக் கால்களுக்கு இடையில் பிடிக்க, மற்றவர் பெருவிரலால் கீழுதட்டை இறக்கினால் போதும். மேல் தாடையின் முன்பக்கத்தில் பல் இருக்காது, வெறும் முரசுதான் (ஈறு). எனவே பார்க்க வேண்டியது கீழே உள்ள எட்டு முன்பற்களை.

குட்டிக்கு எட்டும் பால் பற்கள்: அரிசிமணிபோலச் சிறியவை, ஒடுக்கமானவை. ஏறத்தாழ ஒரு வயதைத் தாண்டும்போது நடுவில் உள்ள இரண்டும் விழுந்து அகலமான இரண்டு பல் முளைக்கும். பக்கத்தில் உள்ள பால் பல்லோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும், பூசணி விதைக்குப் பக்கத்தில் நெல்மணியை வைத்ததுபோல. இதுதான் "இரண்டு பல்". ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் நாலு பல். இரண்டரை, மூன்றில் ஆறு. நாலு வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பற்கள் தேயும், இடைவெளி விழும், ஒன்றிரண்டு முறியும். அப்போது வயதை ஊகிக்கத்தான் முடியும்.

தீனியையும் இனத்தையும் பொறுத்து இரண்டு மூன்று மாதம் முன்பின்னாகும். ஆனால் "ஏழு மாதக் குட்டி" என்று ஒருவர் சொல்லும் ஆட்டின் வாயில் நாலு பெரிய பல் நின்றால், அப்புறம் அவரோடு விலை பேசத் தேவையில்லை.

இறைச்சிக்குக் கிடாயை எத்தனை மாதத்தில் கொடுப்பது இலாபம்?

ஊராட்டுக் கிடாய் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள். பால் பல் இன்னும் விழாத அந்தக் காலத்தில் இறைச்சி மெதுவாக இருக்கும், எலும்புக்கு ஏற்ற சதையும் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு வளர்ச்சி மெல்லக் குறையும், தீனி குறையாது. நீங்கள் ஒடிக்கும் குழையில் பெரும் பங்கு ஆட்டை உயிரோடு வைத்திருக்கவே போய்விடும்.

ஜமுனாபாரிக் கலப்புகள் வேறு. ஜமுனாபாரி உயரமாக வளரும் இனம். முதலில் காலும் எலும்பும் நீளும், சதை பிறகுதான் ஏறும். வளைந்த மூக்கும் தொங்கும் காதும் பார்த்து ஏழு மாதத்தில் கொடுத்தால் எலும்பைத்தான் விற்கிறீர்கள். அதற்கு ஒரு வயது தாண்ட விடலாம், தீனி இருந்தால். "தீனி இருந்தால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோடையில் புல் கருகி, கதியால் வேலியில் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் மொட்டையாகி நிற்கும்போது ஆறு கிடாயை "இன்னும் வளரட்டும்" என்று வைத்திருப்பவர், வளர்ந்த சதையையும் இழக்கத்தான் போகிறார். ஆடித் தொடக்கத்தில் கொக்கத்தடியோடு வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எட்டுகிற குழை எத்தனை ஆட்டுக்குக் காணும் என்று தெரிந்துவிடும். காணாதவற்றை அப்போதே கொடுங்கள்.

தராசு இல்லை. நிறையை எப்படிக் கணிப்பது?

தையற்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம்? தோள் முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை நீளம் எத்தனை அங்குலம்? சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுங்கள். கிலோ வரும். சுற்று 26, நீளம் 24 என்றால் 24 கிலோவும் சொச்சமும். வயிறு நிறையத் தின்ற ஆட்டுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அதில் தலை, தோல், குடல், கால் போக, எலும்போடு இறைச்சி பாதிக்கும் சற்றுக் குறைவாகவே நிற்கும். 24 கிலோக் கிடாயில் 11 கிலோ கிடைத்தால் நல்ல கிடாய்.

தடவியும் பாருங்கள். இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்தினால் எலும்பு முனைகள் சீப்புப் பல்போலக் குத்துகிறதா? அந்த ஆடு இன்னும் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை. உருண்டையாகச் சதை தட்டுப்பட்டால் வந்துவிட்டது. மயிர் அடர்ந்த ஆட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

கிடாயை நலமடிக்க (விதையை நசுக்கி மலடாக்க) வேண்டுமா?

ஒரு வயதுக்குள் கொடுப்பதானால் கட்டாயமில்லை. அதைத் தாண்டி வைப்பதானால் அடிப்பது நல்லது. முழுக் கிடாய் பருவத்துக்கு வந்ததும் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். கொம்புக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் மணமும் சேரும். அந்த வீச்சம் இறைச்சியிலும் ஏறலாம். நலமடித்தது சாதுவாக நிற்கும், கொழுப்பும் பிடிக்கும். ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், கால்நடை வைத்தியரைக் கொண்டு கிட்டியால் நசுக்குவது பாதுகாப்பு. ரப்பர் வளையம் போட்டு, புண்ணாகி, ஏர்ப்பு (ரெட்டனஸ்) வந்து செத்த குட்டியைக் கண்டிருக்கிறேன்.

மறிக்குட்டிகளை எல்லாம் வைத்திருக்க வேண்டுமா?

இல்லை, ஆனால் சந்தேகம் வந்தால் வையுங்கள். கிடாய் விடயத்தில் இதற்கு நேர்மாறு.

வைக்க வேண்டியது: இரட்டையில் பிறந்து, தாய்ப்பாலில் நன்றாக வளர்ந்து, மழைக்காலத்தில் சளி, கழிச்சல் என்று படுக்காத மறி. முலைக்காம்பு இரண்டுதான் இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு மூன்றாவது இருந்தால் இறைச்சிக்கு. கீழ்த்தாடை முன்னுக்கு நீண்டோ பின்னுக்கு இழுத்தோ இருந்தால் மேய்ச்சலில் பின்தங்கும், அதுவும் இறைச்சிக்கு. தாய் ஆட்டின் நிறையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்த பிறகே கிடாய்க்கு விடுங்கள். அவசரப்பட்டால் தாயும் வளராது, குட்டியும் தேறாது.

இதில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். கொம்பில்லாத மொட்டை ஆடுகளில் எனக்கு ஒரு ஆசை. முட்டாது, வேலியில் மாட்டாது. மொட்டை மறிகளை மொட்டைக் கிடாய்க்கே விட்டேன். அழகான மொட்டைக் குட்டி ஒன்று பிறந்தது. பச்சைக் கயிறு கட்டினேன். அந்த வருடத் தீபாவளிக்குக் கொம்புள்ள நல்ல மறி ஒன்றைக் கொடுத்துவிட்டு இதை வைத்தேன். ஒன்றரை வருடமாகியும் அது கிடாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலும் கழுத்தும் கிடாய்போல. வால் தூக்கிப் பார்த்த கால்நடை வைத்தியர் சிரித்துவிட்டு, "இது மறியும் இல்லை, கிடாயும் இல்லை" என்றார். கொம்பில்லாமையைத் தரும் மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால், மறியாகப் பிறக்க வேண்டியது இப்படி இரண்டுங்கெட்டதாகி மலடாகும். மொட்டைக்கு மொட்டை சேர்த்தால் மறிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இப்படிப் போகலாம். சேர்க்கும் கிடாய், மறி இரண்டில் ஒன்றுக்குக் கொம்பு இருக்கட்டும். அப்படிப் பிறந்துவிட்டால் நன்றாகத் தீனி போட்டு இறைச்சிக்குக் கொடுக்கலாம். அந்த இறைச்சியில் ஒரு குறையும் இல்லை.

வயதுபோன தாய் ஆட்டை எப்போது கழிப்பது?

ஏழெட்டு வயது வரை நல்ல ஆடு ஈனும். வயதை மட்டும் பார்த்துக் கழிக்காதீர்கள். இரண்டு முறை தொடர்ந்து சினைப்படாமல் போனது, மடிநோய் வந்து ஒரு பக்கம் கல்லானது, முன்பல் விழுந்து மெலிவது, குட்டியை ஒதுக்கித் தள்ளுவது: இவைதான் காரணங்கள். முடிவு செய்தால் உடனே விற்காமல், பால் வற்றவிட்டு, இரண்டு மாதம் பிண்ணாக்கும் தவிடும் அளவோடு கொடுத்துத் தேற்றி அனுப்புங்கள்.

மறியைக் கொடுக்கும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

சினையா என்று. முதலில் அது.

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் பங்கு இறைச்சிக்காக ஒரு மறி வெட்டினார்கள். பதினாறு பங்கு. காலையிலேயே ஆட்கள் பையோடு வந்து மாமரத்தடியில் நின்றார்கள். வயிற்றைத் திறந்த மனிதர் ஒன்றும் பேசாமல் கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். உள்ளே இரண்டு குட்டிகள், மயிர் முளைத்திருந்தது. பங்குக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வெறும் பையோடு திரும்பிப் போனார்கள். விற்றவர் வேண்டுமென்று செய்யவில்லை, கிடாய் எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். முதல் இரண்டு மாதத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. கிடாயோடு நின்ற எந்த மறியையும் சினை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சினைப்படாத மறி 21 நாளுக்கு ஒருமுறை வாலை ஆட்டி, அடிக்கடி மூத்திரம் பெய்து, ஓயாமல் கத்தும். கிடாயிடமிருந்து பிரித்துக் கட்டி, அப்படிக் கத்துகிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். கத்தவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

தீபாவளிக்குக் கொடுக்கத்தக்க குட்டி வேண்டும் என்றால் எப்போது கிடாய்க்கு விட வேண்டும்?

நல்லூர்த் தேர்க் காலத்தில் விட்டால் தைப்பூசத்தை ஒட்டிக் குட்டி. அது ஐப்பசியில் ஒன்பது மாதக் கிடாயாக நிற்கும். கணக்கு இவ்வளவுதான்.

ஆனி, ஆடித் தொடக்கத்தில் விட்டால் கார்த்திகை, மார்கழியில் குட்டி வரும். ஒரு மாதம் கூட வளர்ந்திருக்குமே என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நமக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. ஈரக் கொட்டிலில் பிறந்த குட்டி சளியிலும் கழிச்சலிலும் போய்விடும். பலகை இடைவெளி விட்ட பரண் கொட்டில் இருந்தால் துணியலாம். தரையில் கட்டுபவர்கள் தைக்குட்டிக்கே போங்கள்.

விற்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் ஆட்களில் பலர் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார்கள். தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். அதனால் தீபாவளிக்குப் போகாத கிடாய் பிறகு சும்மாதான் நிற்கும். சித்திரை வரை தீனி போட வசதியிருந்தால் மட்டும் பிடித்து வையுங்கள்.

பூச்சி மருந்து கொடுத்த ஆட்டை உடனே கொடுக்கலாமா?

கூடாது. குடற்புழு மருந்தோ அன்டிபயோட்டிக் ஊசியோ போட்டால், அது உடம்பிலிருந்து போகும் வரை இறைச்சிக்கும் பாலுக்கும் விலக்குக் காலம் உண்டு. மருந்துக்கு மருந்து மாறும். போத்தலில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள். மாரி கழிந்ததும் எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுக்கும்போது திகதியைக் கொட்டில் தூணிலேயே கரியால் எழுதிவைப்பது என் பழக்கம்.

மெலிந்துபோகும் ஆட்டைச் சாவதற்கு முன் வெட்டிவிடலாமே?

நோயாளி ஆட்டை உண்ணக் கொடுக்க வேண்டாம். கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இருந்தால் தீனிப் பற்றாக்குறையாக இருக்கலாம். வெளிறி வெள்ளையாக இருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறும். ஆனால் ஒரே ஆடு ஒவ்வொரு மாரியிலும் இப்படி வெளிறுகிறது என்றால், தேறிய பிறகு, விலக்குக் காலமும் கழித்து, அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அந்தப் பலவீனத்தைக் குட்டிகளுக்குக் கடத்தத் தேவையில்லை.

வேள்விக் கிடாய்போல மூன்று நாலு வருடம் வளர்த்தால் நல்ல விலை வராதா?

வேள்விக்கு நேர்ந்து வளர்ப்பது நேர்த்திக்கடன். அங்கே தவிடும் பழமும் ஊட்டி, கிடாயின் தோற்றத்துக்காக வளர்க்கிறார்கள். செலவுக் கணக்கு யாரும் எழுதுவதில்லை. கோயிலில் பலியிடுவது சரியா என்பது நீதிமன்றம் வரை போன தனிச் சண்டை, அதற்குள் இங்கே போகவில்லை. இறைச்சிக் கணக்கு மட்டும் கேட்டால்: நட்டம். வயது ஏற ஏறத் தசைநார் இறுகும். அந்த இறைச்சி அடுப்பில் இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

கொடுப்பதற்கு முதல் நாள் என்ன செய்வது?

தண்ணீர் வையுங்கள், இரவுத் தீனியை நிறுத்துங்கள். காலையில் துரத்திப் பிடிக்காதீர்கள். ஓடிக் களைத்து மிரண்ட ஆட்டின் இறைச்சி கறுத்து, ஒட்டும் தன்மையாகி, சீக்கிரம் பழுதாகும். தசையில் இருந்த சக்தி தீர்ந்துவிடுவதுதான் காரணம். முதல் நாள் மாலையே தனியாக, நிழலில், இன்னொரு ஆடு கண்ணில் படும்படி கட்டிவிடுங்கள்.

விற்பனைக்கு வெட்டுவதானால் பிரதேச சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் வேண்டும். பௌர்ணமி நாளில் இறைச்சி விற்பனை கிடையாது என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரருக்குப் பங்கு போடுவதற்கும் முதலில் சபையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

எந்த வயது இறைச்சி எந்தக் கறிக்கு?

ஒரு வயதுக்குள் உள்ளது பிரட்டலுக்கு. இரண்டு பல் போட்டது தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்கு. கிழட்டு மறியை எலும்போடு மண்சட்டியில், மெல்லிய நெருப்பில், வறுத்த யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பொறுமையாக விடுங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் பிடிக்கும். இரத்த வறைக்கு இளம் கிடாய்.

வன்னியிலிருந்து மான் இறைச்சி வருகிறதே, அதை வாங்கலாமா?

வேண்டாம். புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வேட்டையாடுவதும் இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். மான் பார்க்க வேண்டுமானால் திருகோணமலைக் கோட்டைக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வாழைப்பழத்துக்காக உங்கள் பையை இழுக்கும்.

கனடாவில் கதை வேறு. அங்கே உள்ள என் மச்சான் உரிமம் எடுத்து, பருவத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கும் இதே கேள்விதான்: எதைச் சுடுவது, எதை வளர விடுவது? ஆனால் பதில் தலைகீழ். காட்டில் மான் பெருகி, தின்னக் கிடைப்பது குறைந்தால் பெண் மான்களைக் குறைப்பார்கள், ஒன்றரை வயது ஆண் மானை வளரட்டும் என்று விடுவார்கள். எங்களுக்கோ மறி பெருகுவதுதான் பிழைப்பு. அவர்களும் வயதைப் பல்லில்தான் பார்க்கிறார்கள், ஆனால் கடைவாயில். மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று முகடு இருந்தால் அது பால் பல், மான் ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு உட்பட்டது. இரண்டு முகடு என்றால் தாண்டிவிட்டது. ஒரே ஒரு சிக்கல், அவர்கள் சுட்ட பிறகுதான் வாயைத் திறந்து பார்க்கலாம். சுடுவதற்கு முன் தூரத்தில் நிற்கும் உடம்பை வைத்தே கணிக்க வேண்டும்: இளம் ஆணுக்குக் கால் நீளமாகவும் கழுத்து மெல்லியதாகவும் தெரியும், முதிர்ந்ததற்கு நெஞ்சு கனத்துக் கால் குட்டையாகத் தெரியும். படலையடியில் உதட்டை இறக்கிப் பார்க்கும் எங்கள் வேலை எவ்வளவோ சுலபம்.

பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த கிடாயை எப்படிக் கொடுப்பது?

எங்கள் வீட்டுச் சட்டம்: பச்சைக் கயிறு கட்டிய ஆட்டுக்கு மட்டும் பெயர். மற்றவற்றுக்கு நிறம்தான், "கறுவல்", "செம்மறையன்" என்று. இந்த வருடம் சின்ன மகள் ஒரு கிடாய்க்குட்டிக்குத் தானே பெயர் வைத்துவிட்டு வந்து நின்றாள். என்ன பெயர் என்று கேட்டேன். "தீபாவளி" என்றாள்.